முற்றத்தில் செய்த ஊர்

போன கிழமை மகளுக்கு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைமட்டை வாங்கக் கடைக்குப் போனேன். 'எனது கிராமம்' என்று ஒரு மாதிரி செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். நாங்கள் இருப்பதோ கொழும்பில், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. அவளுக்குக் கிராமம் என்றால் பாடப்புத்தகத்துப் படம்தான்: பின்னால் ஒரு மலை, நடுவில் ஓர் ஆறு. யாழ்ப்பாணத்தில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது என்று சொன்னேன். "அப்ப என்னத்தை ஒட்டுறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கடைக்காரர் மட்டையை வெட்டியபோது எழுந்த கீச்சொலியில் எனக்குப் பல் கூசியது. வீட்டுக்கு வந்து மட்டையை மோந்து பார்த்தேன். மனைவி ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒரு மணமும் இல்லை. நாங்கள் செய்த ஊர் மணக்கும். குளத்துக் களி, சாணம், பச்சை ஓலை, மழை பெய்த மறுநாள் செம்பாட்டு மண்ணிலிருந்து கிளம்புகிற அந்த வாசம் எல்லாம் அதில் இருந்தன. உங்களுக்கு இதை எப்போதாவது சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, அந்தக் காலம். தெல்லிப்பழைக்கு அப்பால், கடலுக்கும் தோட்டங்களுக்கும் இடையில் இருந்த சின்ன ஊர். பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், அரைச்சுவர், ஐந்து வகுப்புகள். நடுவில் மறைப்பு எதுவும் இல்லாததால், ஐந்தாம் வகுப்பு பாடுகிற வாய்ப்பாடு இரண்டாம் வகுப்பின் காதிலும் விழும். அப்படித்தான் இரண்டாம் வகுப்பிலேயே ஏழாம் வாய்ப்பாடு எனக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அது மறந்துபோயிருந்தது.

அந்த வருடம் புனிதம் ரீச்சர் வந்தார். எங்கள் ஊர்க்காரிதான், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. பயிற்சிக் கல்லூரி முடித்துவிட்டு வந்த கையோடு எங்களை வாங்குகளிலிருந்து எழுப்பி முற்றத்துக்கு அனுப்பினார். சிரட்டை இரண்டில் கயிறு கட்டித் தராசு செய்தோம். கிணற்றுக்குள் கல் கட்டிய கயிற்றை விட்டு ஆழம் அளந்தோம். பூசணியும் பயற்றையும் நட்டு, எது எத்தனை விரற்கடை வளர்ந்தது என்று ஒருவரோடொருவர் சண்டை பிடித்தோம். மாதத்துக்கு ஒரு தரம் சிரமதானம். தாய்மார் விளக்குமாற்றோடும் தகப்பன்மார் மண்வெட்டியோடும் வருவார்கள்.

முதலில் எல்லோருக்கும் புறுபுறுப்புத்தான். படிக்க அனுப்பினால் மண் கிண்ட விடுகிறார்கள் என்று அம்மாவும் சொன்னா. அப்பா வன்னியில் வயல் செய்துகொண்டிருந்தார். மாதத்தில் ஒருநாள் வந்து போவார். ஆகவே வீட்டில் அம்மாவின் சொல்தான் சட்டம். அந்தச் சட்டமும் மெல்ல இளகியது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் காய்த்த முதல் பூசணியை ரீச்சர் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பிறகுதான் ஊரைச் செய்வது என்று முடிவானது. வேப்பமரத்துக்குக் கீழே, முற்றத்தில் பெரிய சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் எங்கள் ஊர். ஒழுங்கைகளுக்கு வெள்ளை மணல் தூவினோம். கிணறுகளுக்குச் சோடா மூடிகள், பனைகளுக்கு ஈர்க்கு, வேலிகளுக்குக் கிடுகுத் துண்டுகள். கோயிலைக் களியால் பிடித்தோம். பஸ் ஒன்று வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. நெருப்புப் பெட்டியில் செய்தேன். அதை எல்லோரும் பிள்ளையார் கோயில் உண்டியல் என்றே நினைத்தார்கள். கடைசியில் ரீச்சர் அதைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டார். எனக்குக் கையலுவல் அவ்வளவுதான் வரும். இன்றைக்கும் மகள் என்னிடம் கத்தரிக்கோல் தருவதில்லை.

ரீச்சருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. உள்ளதை உள்ளபடி செய்யவேண்டும். வீட்டுக்கு மூன்று தென்னை என்றால் மூன்று ஈர்க்கு, நான்கு அல்ல. போய்ப் பார், வந்து செய். பின்னேரங்களில் பெற்றோர் வந்து பார்த்தார்கள். தங்கள் வளவைக் கண்டு சிரித்தார்கள். இரண்டு பேர் தங்கள் எல்லை வேலிக்காகப் பல வருடம் கோட்டில் வழக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள். முற்றத்தில் குந்தி, அரை விரல் அகலக் கிடுகுத் துண்டை ஒருவர் அங்கே தள்ள மற்றவர் இங்கே தள்ள, ரீச்சர் அளக்கிற அடிமட்டத்தைக் கொண்டுவந்து இருவரையும் விலக்கினார். அப்படி ஊரே சேர்ந்து சிரித்ததை நான் பிறகு பார்த்ததில்லை.

இதற்குள் மூழ்கிப்போனவள் என் தங்கச்சி கோமதி. மூன்றாம் வகுப்பு. அவளுக்குக் கண்ணும் ஓயாது, வாயும் ஓயாது. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் படலைக்குப் புதுக்கயிறு கட்டினார்கள், எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. பிழையான விடையை அவளால் தாங்கவே முடியாது. பெரிய வாத்தியார் திகதியை மாற்றி எழுதினாலும் எழுந்து நின்று சொல்லிவிடுவாள். அவளோடு ஒரே வாங்கில் இருப்பவள் வசந்தி, பக்கத்து வீடு. அவள் அதிகம் பேசமாட்டாள். இருவருக்குமாகச் சேர்த்து எங்கள் கோமதியே பேசிவிடுவாள்.

வசந்தியின் அப்பா பொன்னுத்துரை மாமா வெங்காயத் தோட்டக்காரர். பனங்கூடலோடு ஒட்டிய கடைசித் தோட்டம் அவருடையது. வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தூக்கிக் காயவிட அங்கே ஒரு கொட்டில் போட்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் கோமதியும் வசந்தியும் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போவார்கள். அந்தக் கொட்டிலுக்குள் சில நாள்கள் ஆயுதம் வைத்திருந்த பெடியள் வந்து படுத்தார்கள். வசந்தியின் அம்மா தேத்தண்ணி கொடுத்துவிடுவா. இது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்பதைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் முதலில் அதைச் சொல்லவேண்டுமே. அதனால் விட்டுவிட்டார்கள்.

கோமதி அந்தக் கொட்டிலையும் செய்தாள். ஒரு பாதிச் சிரட்டை, அதற்குள் களியில் பிடித்த மூன்று சின்ன மனிதர், கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தார்கள். ரீச்சர் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் அன்று பின்னேரம் அதை எடுத்துவிட்டார். நாய் தட்டிவிட்டது என்று நினைத்து அடுத்தநாள் இவள் இன்னொன்று செய்து வைத்தாள். "உது வேண்டாம் கோமதி, வடிவில்லை" என்றார் ரீச்சர்.

"ரீச்சர்தானே உள்ளதை உள்ளபடி செய்யச் சொன்னனீங்கள்?"

ரீச்சர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது, தோற்றவர்கள் சிரிக்கிற மாதிரி. கொட்டில் இருக்கட்டும், ஆட்கள் வேண்டாம் என்று சொல்லி மூன்று களிமனிதரையும் எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு போனார். வெறும் சிரட்டை அங்கேயே கிடந்தது.

ஆமி வந்தது ஓர் இடைவேளை நேரத்தில். முகாமிலிருந்து இடைக்கிடை ஒழுங்கைகளில் வரிசையாக நடந்து வருவார்கள், வீடுகளைக் கிண்டுவார்கள், போவார்கள். பள்ளிக்கூடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பெரிய வாத்தியார் அலுவலாகத் தெல்லிப்பழைக்குப் போயிருந்தார். புனிதம் ரீச்சர் வாசலில் போய் நின்றார். அவர்களின் பெரியவன் ஒருவன், நல்ல சிவலை, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறவன், முற்றத்து ஊரைக் கண்டுவிட்டு அப்படியே நின்றான். தொப்பியைக் கழற்றினான். குந்தினான். எங்கள் பெற்றோர் குந்தியதைப் போலவே குந்தினான்.

அவனுக்குத் துண்டு துண்டாகத் தமிழ் தெரிந்திருந்தது. இது கோயிலா, இது பள்ளிக்கூடமா என்று கேட்டான். முதலில் எல்லோரும் பயந்து சுவரோடு நின்றோம். யாரோ ஒருவன் ஓம் என்று சொல்ல, அவனுக்கு ஒரு ரொபி மிட்டாய் கிடைத்தது. அதன் பிறகு பயம் போய்விட்டது. இது யார் வீடு, இது என்ன கிணறு என்று அவன் கேட்கக் கேட்க, நான் நீ என்று போட்டி போட்டுச் சொன்னார்கள். எங்களைப் பாராட்டினான். நல்ல வேலை, நல்ல வேலை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிள்ளைகளை உள்ளே வரச்சொல்லி ரீச்சர் கூப்பிட்டார். வாசலில் நின்றவன் துவக்கைக் குறுக்கே பிடித்து, பரவாயில்லை, இருக்கட்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னான்.

பெரியவன் சிரட்டையைத் தொட்டான். "இது வீடு?"

ஐந்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன், அது சும்மா, கோழிக்கூடு என்றான். அவனுக்கு விசயம் விளங்கியிருக்கவேண்டும். கோமதிக்குப் பொறுக்கவில்லை.

"கோழிக்கூடில்லை. வெங்காயக் கொட்டில். அதுக்குள்ளை அண்ணையாக்கள் வந்து படுக்கிறவை."

அவன் சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினான். எத்தனை பேர் என்று கேட்டான். மூன்று விரலைக் காட்டினாள். ஒரு ரொபி கொடுத்தான். அவள் அதைப் பல்லால் கடித்துப் பாதியாக்கி, பாதியை வசந்திக்குக் கொடுத்தாள். எதையும் அவர்கள் பாதியாகத்தான் தின்பார்கள். வசந்தி வாங்கித் தின்றாள். நான் ரீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்திருந்தார்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. பிறகு பனங்கூடல் பக்கம் புகை. ரீச்சர் எங்களை வாங்குகளுக்குக் கீழே படுக்க வைத்திருந்தார். காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. வெங்காயம் வேகிற வாசம் மண்டபம் முழுவதும் நிறைந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அந்த வாசத்துக்கு எங்களுக்குப் பசித்தது. பக்கத்தில் படுத்திருந்த ஒருவன், யாரோ குழம்பு தாளிக்கிறார்கள் என்று சொன்னான்.

பெடியள் அதற்கு முந்தின கிழமையே அந்த இடத்தை விட்டுப் போயிருந்தார்கள். கொட்டிலுக்குள் இருந்தது பொன்னுத்துரை மாமா மட்டும். வெங்காயப் பிடிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றவரை வாசலில் வைத்தே சுட்டிருந்தார்கள். அவரைக் கதவுப் பலகை ஒன்றில் கிடத்தித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போனார்கள்.

யார் சொன்னது, எப்படிச் சொன்னது, என்ன வாங்கினாள் என்பதெல்லாம் பொழுதுபடுமுன் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அம்மா அவளை அடிக்கவில்லை. கோமதிக்குச் சோறு தீத்தினா, தலை வாரி இழுத்தா. அடுத்தநாள் காலை சேலையை மாற்றிக்கொண்டு, மடிக்குள் எதையோ செருகிக்கொண்டு, எங்கள் இருவரையும் கையில் பிடித்துச் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

பிரேதம் நடுவீட்டில் இருந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் அழுகை நின்றது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தினால் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. அம்மா மடியிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்தா. மிளகாய்த்தூள். வசந்தியின் அம்மாவுக்கு முன்னால் கோமதியை முழங்காலில் இருத்தி, தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, அதைக் கொட்டினா. கோமதி கத்தினாள். அம்மா வாயைப் பொத்தினா. அம்மாவின் கண்ணிலிருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஆனால் பிடி தளரவில்லை. எங்கள் குடும்பம் அந்த ஊரில் தொடர்ந்து இருக்கவேண்டும். அதற்கு இதை எல்லோரும் பார்க்கவேண்டும். இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. விளங்குவதால் ஒன்றும் குறையவில்லை.

வசந்தியின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா.

"காணாது, இன்னும்."

அம்மா சுருளில் மிச்சமிருந்ததையும் கொட்டினா.

வசந்தி தகப்பனின் கால்மாட்டில் இருந்தாள். தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த ரொபியின் பாதியைத் தின்றது அவளும்தானே. அதை யாரும் சொல்லவில்லை, அவளுக்கு மட்டும் தெரியும். எனக்கும் தெரியும்.

பெண்களுக்குள் இருந்து புனிதம் ரீச்சர் எழுந்தார். "பிள்ளையை விடுங்கோ அக்கா. செய்யச் சொன்னது நான்."

"உம்மை ஆர் கேட்டது?" என்று யாரோ ஒரு கிழவர் வாசலிலிருந்து சொன்னார். "உமக்கும் இருக்கு, பொறும்."

அந்த மாதச் சிரமதானத்தைப் பெரிய வாத்தியார் முன்கூட்டியே வைத்தார். ஊர்முழுக்க வந்தது. அப்படி ஒரு வரவு முன்பு எந்தச் சிரமதானத்துக்கும் இருந்ததில்லை. ரீச்சர் விறாந்தையில் நின்றார். அவருக்கு ஒருவரும் மண்வெட்டி கொடுக்கவில்லை. ஆண்கள் முற்றத்து ஊரின் கோயிலைக் கொத்தினார்கள், ஒழுங்கைகளை மூடினார்கள். பிறகு எங்களை வரிசையாக விட்டு மிதிக்கச் சொன்னார்கள். உங்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும்தானே. ஐந்து நிமிடத்தில் அது விளையாட்டாகிவிட்டது. அவரவர் வீட்டைத் தேடிப் பிடித்து அதன்மேல் துள்ளினார்கள். வேலிக்கு வழக்காடிய அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எல்லை வேலியைக் கொத்தினார்கள். கோமதியை மட்டும் யாரும் உள்ளே விடவில்லை. கொதித்து வெடித்த வாயோடு அவள் வேப்பமரத்தடியில் நின்றாள்.

சில நாள் கழித்து பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து ரீச்சரை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று அவர் வாய் திறக்கவில்லை. வகுப்புக்கு வந்தார், பாடப்புத்தகத்தைத் திறந்தார், வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு நாங்கள் முற்றத்துக்கு இறங்கவே இல்லை. வருடம் முடியுமுன் மாற்றம் வாங்கிக்கொண்டு பருத்தித்துறைப் பக்கம் போய்விட்டார்.

கோமதிக்கு ஒரு பட்டம் வைத்தார்கள். ரொபி. மண்டபத்தில், ஒழுங்கையில், கோயிலில், எங்கும் ரொபி. அடி என்றால் திருப்பி அடிக்கலாம். ரொபி என்பதற்கு என்ன செய்வது? கோயிலில் ஒருநாள் பொங்கல் பங்கிட்ட பெண் கையை இழுத்துக்கொண்டு, இவளுக்கு ஆமி கொடுக்கும், நாங்கள் ஏன் கொடுக்கவேணும் என்றா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மா புதிதாகப் பொங்கி அவளுக்கு முன்னால் வைத்தா. அவள் தொடவில்லை. அம்மாவிடம் எதையும் அவள் கேட்டு வாங்கியதை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

வகுப்பில் அவள் வாய் திறப்பது நின்றது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். விடை தெரியும், எழுதச் சொன்னால் எல்லாம் சரியாக எழுதுவாள். சொல்லமாட்டாள். சில ஆசிரியர்கள் திமிர் என்று அடித்தார்கள்.

தொண்ணூறில் சண்டை வந்து ஊர் எழும்பியது. ஒரே நாளில் எல்லோரும் வெளிக்கிட்டு, மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து விழுந்தோம். இடத்துக்காகக் குறி போட்டு விரித்த பாய்களில், எங்கள் பாய்க்குப் பக்கத்தில் வசந்தியின் அம்மாவின் பாய். வேறு இடம் இருக்கவில்லை. ஐந்து வருடத்தில் பாய்கள் ஓலைக் கொட்டில்களாயின. பக்கம் பக்கமாக இருந்தது மட்டும் மாறவில்லை. இரண்டு தாய்மாரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒருவருடைய உப்பை மற்றவர் எடுத்தார்கள். கதைக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் வரிசையில் யாரோ ரொபி என்று கூப்பிட, முன்னால் நின்ற வசந்தி திரும்பி, "அவளுக்குப் பேர் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதற்காக அவளோடு சேர்ந்துகொள்ளவும் இல்லை. வாளியை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகப் போனோம்.

ஊர் நீண்ட காலம் ஆமி முகாமுக்குள் இருந்தது. விட்ட பிறகு போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடம் இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணறுகளைத் தூர்த்திருந்தார்கள். தங்கள் வளவு எது என்று தெரியாமல் ஆட்கள் பற்றைக்குள் நின்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அம்மா வரவில்லை. அவ அதற்கு முன்பே போய்விட்டா. வசந்தியின் அம்மாவும் வவுனியாவில் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன்.

கோமதி இப்போது சுவிஸில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அங்கே அவளை எல்லோருக்கும் பிடிக்கும் என்று அவளுடைய மனுசன் சொல்கிறார். பேசாமல் வேலை செய்வாளாம். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. லண்டனிலிருந்து வசந்தி. யாரிடமோ விசாரித்து எண் எடுத்திருக்கிறாள். தன் மகன் அம்மப்பாவின் படம் கேட்கிறான் என்றாளாம். படங்கள் எல்லாம் தொண்ணூறில் வீட்டோடு போய்விட்டன. சைக்கிளில் பின்னால் இருந்து பார்த்த முதுகு மட்டும்தான் தனக்கு நினைவு, முகம் வரவே மாட்டேன் என்கிறது, நீ எல்லாத்தையும் கவனிக்கிறவள், சொல்லு என்று கேட்டாளாம்.

கோமதி சொன்னாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு, அதில் மயிர் முளைப்பதில்லை. கீழ்ப்பல் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று. சிரிக்கும்போது முதலில் வலக்கன்னம் குழியும். சறத்தை வலப்பக்கம் செருகுவார். காது மடலில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும், அவருக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சொன்னாளாம். மற்றப் பக்கம் வசந்தி எழுதினாளோ அழுதாளோ, சத்தமில்லை. கடைசியில், அப்பாவின் குரல் எப்படி என்று கேட்டிருக்கிறாள்.

"அதை எப்பிடிச் சொல்லுறது அண்ணா?" என்று கோமதி என்னிடம் கேட்டாள். "எனக்குத் தெரியும். சொல்லத் தெரியேல்லை. உனக்கு நினைவிருக்கோ?"

அவர் எங்களைச் சைக்கிள் பாரில் ஏற்றி ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது, "இறுக்கிப் பிடியுங்கோ பிள்ளையள்" என்று சொல்வார். சொற்கள் அப்படியே இருக்கின்றன. அன்றிரவு தனியாக இருந்து அதைச் சொல்லிப் பார்த்தேன். பலமுறை சொன்னேன். என்னுடைய குரல்தான் கேட்டது.